கேமராவும் ஆட்டோ கேட்டும் வேலை மடிக்கணினியும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றன: வி-லேன் கொண்டு எப்படிப் பிரிப்பது?

செந்தூல் கணக்காளர்:

வணக்கம். செந்தூலில் இரண்டு மாடித் தொடர்வீடு எங்களுடையது. வீட்டிலிருந்தே சிறு வணிகங்களுக்குச் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் பார்க்கிறேன். என் மடிக்கணினியில் இருப்பவை எனக்குச் சொந்தமானவை அல்ல. முகம் பார்த்திராத தொழிலாளர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) விவரங்கள். முதலாளிகள் என்னை நம்பிக் கொடுத்தவை.

அந்த மடிக்கணினி இருக்கும் அதே வலையமைப்பில்தான் வீட்டின் மற்ற எல்லாமும் இருக்கின்றன. நான்கு கேமராக்களும் அவற்றைப் பதிவு செய்யும் பெட்டியும் கேபிளில் இருக்கின்றன. கேமராக்கள் பெட்டியின் பின்னாலேயே சொருகப்பட்டவை. வைஃபையில் இருப்பவை: வாசல் மணிக் கேமரா, கைப்பேசியால் திறக்கும் ஆட்டோ கேட், குளிர்சாதனங்களை இயக்கும் அகச்சிவப்புக் கருவிகள், பூசையறை விளக்கை மாலையில் ஏற்றும் ஸ்மார்ட் பிளக், தரை கூட்டும் ரோபோ, பிரிண்டர், பிள்ளைகளின் கணினிகள். தொலைக்காட்சி கேபிளில்.

அண்மையில் ரவுட்டரின் பதிவேட்டைப் பார்த்தபோது, வாசல் மணிக் கேமரா இரவு முழுவதும் வெளிநாட்டுச் சேவையகம் ஒன்றோடு தொடர்பில் இருப்பது தெரிந்தது. படம் போகிறதா, வெறும் நலம் விசாரிப்பா என்று வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. என்ன பேசுகிறது என்று தெரியாத ஒன்று வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்கு இவ்வளவு அருகில் இருப்பதே எனக்குப் போதுமான காரணம்.

எங்களுடையது யூனிஃபை ஃபைபர் இணைப்பு. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருள் நிறுவிய ரவுட்டர் ஒன்று இருக்கிறது. லோயாட் பிளாசாவில் வி-லேன் (ஒரே வலையமைப்பை எண் கொடுத்துத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) வசதியுள்ள எட்டு முனைச் சுவிட்ச் ஒன்றும் வாங்கிவிட்டேன், இருநூறு ரிங்கிட்டுக்குள்தான். மாடிக்கு ஒரே ஒரு கேபிள் போகிறது. அதன் முனையில் இன்னொரு ஓபன்டபிள்யூஆர்டி பெட்டி மாடி வைஃபைக்காக இருக்கிறது.

காணொளி ஒன்றில் கருவி வகைக்கு ஒன்றாக ஏழு வி-லேன் போடச் சொன்னார்கள். அத்தனை தேவையா? எது எதில் போக வேண்டும்? இன்னொன்றும் இருக்கிறது. என் அம்மா தன் கைப்பேசியிலிருந்து தொலைக்காட்சிக்கு முருகன் பாடல்களை அனுப்பிக் கேட்பார். கேட்டையும் அவரே கைப்பேசியில் திறப்பார். அவர் கற்றுக்கொண்ட இந்த வழக்கங்கள் மாறக் கூடாது. என் பாதுகாப்புக்காக அவர்மேல் புதிய சுமை ஏற்ற எனக்கு மனமில்லை.

கெப்போங் வாசி:

சகோதரி, இதற்கு வி-லேன் எல்லாம் வேண்டாம். ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் திறந்து, கருவிகளை அதில் சேர்த்துவிடுங்கள். விருந்தினர் வைஃபையில் இருப்பவை இணையத்துக்குப் போகும், வீட்டுக் கணினிகளை எட்ட முடியாது. எங்கள் வீட்டில் பிளக்குகளும் விளக்குகளும் அப்படித்தான் ஓடுகின்றன. கேபிள், சுவிட்ச், எண் எதுவும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

கெப்போங் நண்பர் சொல்வது நல்ல ஆலோசனை. இதைப் படிக்கும் பலருக்கு அதுவே போதும், இன்றிரவே செய்யலாம். ஆனால் செந்தூல் சகோதரியின் வீட்டுக்குப் போதாது. அவருடைய பதிவுப் பெட்டியும் தொலைக்காட்சியும் கேபிளில் இருக்கின்றன. விருந்தினர் வைஃபை கேபிளைத் தொடாது. மாடியில் இரண்டாவது பெட்டியும் இருக்கிறது. வெறும் ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபையைப் பரப்ப மட்டும் ஓடும் பல வீட்டுப் பெட்டிகளில் விருந்தினர் வைஃபைக்குள் நுழைந்தது அதே கேபிளில் வீட்டுப் போக்குவரத்தோடு கலந்துவிடும். பெயர்தான் விருந்தினர், உள்ளே பிரிவு இருக்காது.

நான் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை வலையமைப்புகளைப் பராமரிக்கிறேன். அங்கே விலையுயர்ந்த இயந்திரங்கள் பழைய விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் புதுப்பித்தால் இயந்திரம் நின்றுவிடலாம் என்பதால் யாரும் தொடமாட்டார்கள். திருத்த முடியாத ஒன்றை என்ன செய்வது? சுற்றிச் சுவர் கட்டி, ஒரு கதவு வைத்து, தாழ்ப்பாளை நம் பக்கம் மட்டும் வைப்பது. மூன்றாண்டு முன்பு கடைசியாகப் புதுப்பிப்பு வந்த ஒரு கேமராவும் அதே இனம்தான். அதை நல்லதாக மாற்ற நம்மால் முடியாது. எங்கே வைப்பது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இதில் நிறையப் பேர் கவனிக்காமல் விடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். வி-லேன் பிரிக்கும், தடுக்காது. 192.168.10 என்று தொடங்கும் முகவரித் தொகுதியில் மடிக்கணினி, 192.168.30 தொகுதியில் கேமரா என்று பிரித்துவிட்டு, யார் யாரோடு பேசலாம் என்று ரவுட்டரில் முடிவு செய்யும் ஃபயர்வாலைத் தொடாமல் விட்டால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரவுட்டர் தரவுப் பொட்டலங்களை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் தாராளமாகக் கடத்தும். வலையமைப்புகளை இணைப்பதற்காகவே பிறந்த கருவி அது. எத்தனை வி-லேன் என்ற கேள்வியைவிட, இரண்டு தொகுதிகளுக்கு நடுவே யார் பேச்சைத் தொடங்கலாம் என்ற கேள்வியே முக்கியம். நீங்கள் கேமராவைக் கூப்பிடலாம், கேமரா பதில் சொல்லலாம். கேமரா தானாக உங்களைக் கூப்பிடக் கூடாது. ஃபயர்வால் ஒவ்வொரு உரையாடலையும் யார் தொடங்கினார் என்று நினைவில் வைத்திருக்கும். அதனால் இந்த ஒருவழி ஏற்பாடு உண்மையிலேயே சாத்தியம்.

வி-லேன் உங்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்கிறேன். ஐஇஇஇ 802.1க்யூ என்ற தரம் 1998-இல் வந்தது. ஈதர்நெட் சட்டகத்துக்குள் 4 பைட் குறி ஒன்றைச் சேர்க்கிறது. அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். உங்கள் யூனிஃபை இணைப்பே அப்படித்தான் வருகிறது: இணையம் 500 என்ற எண்ணில், தொலைக்காட்சிச் சேவை 600 என்ற எண்ணில். ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு இணைப்பு 500-இன் மேல் ஏறியிருப்பதை அமைப்புப் பக்கத்தில் பாருங்கள். வீட்டுக்குள் அந்த இரண்டு எண்களையும் பயன்படுத்த வேண்டாம். பயன்படுத்தினால் உடையாது, ஆனால் ஒரு நாள் கோளாறு தேடும்போது எது வெளி 500, எது உள் 500 என்று தலை சுற்றும்.

ஏழு வேண்டாம். உங்களுக்கு நான்கு போதும்.

10 வேலைக்கு. உங்கள் மடிக்கணினியும் அதன் காப்புப்பிரதி வட்டும் மட்டும். பிள்ளைகளின் கணினி இதில் வரக் கூடாது. விளையாட்டுக்காக அவர்கள் எதை இறக்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. 20 வீட்டாருக்கு: எல்லோருடைய கைப்பேசிகள், பிள்ளைகளின் கணினிகள், பிரிண்டர். 30 இணையம் தேவைப்படும் கருவிகளுக்கு: தொலைக்காட்சி, ஆட்டோ கேட், பிளக், ரோபோ, குளிர்சாதனக் கருவிகள், வாசல் மணி. 40 கேமராப் பதிவுப் பெட்டிக்கு, இணையமே இல்லாமல். வாசல் மணியை ஏன் 40-இல் போடவில்லை என்றால், அது அழைப்பை உங்கள் கைப்பேசிக்குத் தயாரிப்பாளரின் சேவையகம் வழியாகத்தான் கொண்டுவருகிறது. இணையத்தை அடைத்தால் மணியே அடிக்காது. பதிவுப் பெட்டிக்கு அந்தத் தேவை இல்லை, அதன் வேலை வீட்டுக்குள்ளேயே முடிகிறது. வீட்டின் படங்கள் இருக்கும் பெட்டி வெளியே பேச வேண்டிய அவசியம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

சுவிட்சில், ரவுட்டருக்குப் போகும் முனையும் மாடிக்குப் போகும் முனையும் நான்கு எண்களையும் குறியோடு கடத்த வேண்டும். பதிவுப் பெட்டி இருக்கும் முனை 40, தொலைக்காட்சி முனை 30, உங்கள் மேசைக்கு வரும் முனை 10. இவை மூன்றும் குறியில்லாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கருவிகளுக்குக் குறி புரியாது. மலிவான சுவிட்சுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. முனையை 40-இல் சேர்ப்பது ஒரு பக்கம், அந்த முனையிலிருந்து உள்ளே வருவதற்கு எந்த எண்ணைப் போடுவது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதற்குப் பிவிஐடி என்று பெயர். அது தொடக்கத்தில் 1 என்றே இருக்கும். அதையும் 40 ஆக்காவிட்டால் பெட்டிக்குப் போவது 40-இல் போகும், பெட்டியிலிருந்து வருவது 1-இல் வரும், எதுவும் இயங்காது. சில சுவிட்சுகளின் மேலாண்மைப் பக்கம் எல்லா வி-லேனிலிருந்தும் திறக்கும்; அதனால் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். எட்டாவது முனையை எதற்கும் கொடுக்காமல், அவசரத்துக்குச் சுவிட்சுக்குள் நுழைய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபையில் மூன்று பெயர்கள் போதும், 10, 20, 30 ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கூடுதலான ஒவ்வொரு பெயரும் தன் இருப்பை நொடிக்குப் பத்து முறை மெதுவான வேகத்தில் அறிவித்துக்கொண்டே இருக்கும், அலைவரிசை நேரத்தை அது தின்கிறது. 30-க்கான பெயரை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் விடுங்கள், இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸைக் காண்பதில்லை.

இனி ஃபயர்வால். 10-லிருந்து எங்கும் தொடங்கலாம். 20-லிருந்து 30, 40, இணையம் மூன்றுக்கும் தொடங்கலாம், 10-க்கு முடியாது. 30-லிருந்து இணையம் மட்டும். 40-லிருந்து எங்கும் இல்லை. இதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ரவுட்டரே ஒரு இலக்கு. 30-இல் இருக்கும் பிளக் 192.168.30.1 என்று கேட்டால் ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும், 192.168.10.1 என்று கேட்டாலும் அதே ரவுட்டர்தான் பதில் சொல்லும். அதனால் 30, 40 இரண்டின் மண்டலத்திலும் (ஃபயர்வாலில் ஒரு தொகுதிக்கான விதிகள் இருக்கும் இடம்) ரவுட்டருக்குள் வருவதை மறுத்துவிட்டு, முகவரி வாங்க 67, பெயர் தேட 53, நேரம் கேட்க 123 என்ற யூடிபி முனையங்களை (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்கள்) மட்டும் திறங்கள். பெயர் தேடலுக்கு டிசிபி 53-ஐயும் சேர்க்கலாம்.

நேரத்தை அழுத்திச் சொல்கிறேன். இணையம் இல்லாத பதிவுப் பெட்டியின் கடிகாரம் மெல்ல விலகும். வீட்டில் திருட்டு நடந்து, பதிவைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது கடிகாரம் பிசகியிருந்தால் அந்தப் பதிவின் மதிப்பே போய்விடும். ஓபன்டபிள்யூஆர்டியில் என்டிபி (நேரம் தரும்) சேவையகம் என்ற தெரிவை இயக்கி, பெட்டியில் நேர முகவரியாக 192.168.40.1 கொடுங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டியில் மண்டல விதி ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு முகவரி முறைகளுக்கும் பொருந்தும். வேறு ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஐபிவி4-க்கு மட்டும் விதி எழுதி, ஐபிவி6 திறந்தே கிடக்கும் வீடுகள் இருக்கின்றன.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2016-இல் மிராய் என்ற தீநிரல் செய்ததைத் தேடிப் படியுங்கள். அதில் அபாரமான அறிவு எதுவும் இல்லை. அறுபது சொச்சம் தொழிற்சாலைப் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டு கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் சேர்த்து, அக்டோபர் 21 அன்று டின் என்ற பெயர்ச்சேவை நிறுவனத்தைத் தாக்கியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் பலருக்குத் திறக்கவில்லை. அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கருவி அந்தக் கூட்டத்தில் இருந்ததே தெரிந்திருக்காது.

செந்தூல் கணக்காளர்:

ஐயா, மிக்க நன்றி. யார் பேச்சைத் தொடங்குகிறார் என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தபோது பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்தது. பிரிண்டரை 20-இல் ஏன் வைத்தீர்கள் என்பதும் புரிந்தது: பிரிண்டர் யாரையும் கூப்பிடுவதில்லை, நாம்தான் கூப்பிடுகிறோம்.

சுவிட்ச், வைஃபை, ஃபயர்வால் மூன்றும் அமைத்துவிட்டேன். கேட் திறக்கிறது. ஆனால் அம்மாவின் கைப்பேசியில் தொலைக்காட்சியின் பெயரே இப்போது வரவில்லை. 20-லிருந்து 30-க்கு வழி திறந்துதானே இருக்கிறது? இன்னொரு கேள்வி: வெளியே இருக்கும்போது கேமராவைக் கைப்பேசியில் பார்த்துவந்தோம். பதிவுப் பெட்டிக்கு இணையம் போனதும் அதுவும் போய்விட்டது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார்களா என்று நான் பார்க்கும் வழி அது ஒன்றுதான்.

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

வழி திறந்திருக்கிறது, தொலைக்காட்சி எங்கே இருக்கிறது என்பதுதான் கைப்பேசிக்குத் தெரியவில்லை. அனுப்பும் சின்னத்தைத் தொட்டதும் கைப்பேசி 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 முனையத்தில், 'இங்கே யார் இருக்கிறீர்கள்' என்று கேட்கும். இதற்கு எம்-டிஎன்எஸ் என்று பெயர். அந்தக் கேள்வி தன் தொகுதியை விட்டு வெளியே போகாதபடிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ரவுட்டரில் அவாஹி என்ற நிரலை நிறுவி, அதில் பிரதிபலிப்பான் தெரிவை இயக்கி, 20, 30 இரண்டிலும் மட்டும் பேசும்படி செய்யுங்கள். 10-ஐயும் 40-ஐயும் அதில் சேர்க்க வேண்டாம். 30-லிருந்து ரவுட்டருக்குள் வருவதை மறுத்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கே யூடிபி 5353-க்கு ஒரு விதிவிலக்கு எழுதுங்கள். இதைச் செய்யாமல் அவாஹியை மட்டும் நிறுவிவிட்டு வேலை செய்யவில்லை என்று கைவிடுபவர்கள் அதிகம்.

பெயர் தெரிந்துவிட்டால் பாட்டு ஓடிவிடும். ஏனென்றால் கைப்பேசி தொலைக்காட்சியைக் கூப்பிட்டு 'இந்தப் பாட்டைப் போடு' என்று மட்டும் சொல்கிறது. பாட்டைத் தொலைக்காட்சியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. கைப்பேசிக்குள் சேமித்திருக்கும் படங்களைத் தொலைக்காட்சிக்கு அனுப்புவது மட்டும் பெரும்பாலும் நிற்கும். அங்கே திசை மாறுகிறது. தொலைக்காட்சிதான் கைப்பேசியைக் கூப்பிட்டுப் படத்தைக் கேட்கிறது, அதை நாம் மறுத்திருக்கிறோம். தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படங்களைப் பெரிய திரையில் பார்க்க ஆசையென்றால், யுஎஸ்பி விரலியில் போட்டுத் தொலைக்காட்சியில் சொருகுங்கள். அதற்காக 30-லிருந்து 20-க்கு வழி திறப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வெளியிலிருந்து கேமரா பார்ப்பதற்கு வயர்கார்டு, வீட்டு வலையமைப்புக்குள் மறைகுறியிட்ட தனிவழி (விபிஎன்) போடும் நிரல். 2020-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது, ஓபன்டபிள்யூஆர்டியில் எளிதாக நிறுவலாம். வழக்கமாக யூடிபி 51820 முனையத்தில் இயங்கும். சரியான சாவி இல்லாத யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது, அதனால் இணையத்தில் துழாவுபவர்களுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் கைப்பேசியில் வயர்கார்டை இயக்கினால் நீங்கள் 20-இல் இருப்பது போல் ஆகிவிடும், பதிவுப் பெட்டியை வீட்டு முகவரியிலேயே பார்க்கலாம். முதலில் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது பல வீடுகளுக்குப் பொதுவான முகவரி, வெளியிலிருந்து நேராக நுழைய முடியாது. வேறு எண் என்றால் பெரும்பாலும் வழி இருக்கும். முகவரி மாறிக்கொண்டிருந்தால் மாறும் முகவரிக்குப் பெயர் கொடுக்கும் சேவை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எது செய்தாலும், பதிவுப் பெட்டிக்கு ரவுட்டரில் முனையம் திறந்துவிடும் பழைய வழிக்கு மட்டும் போகாதீர்கள். தானாக முனையம் திறக்கும் யுபிஎன்பி வசதியையும் அணைத்துவிடுங்கள்.

சில பதிவுப் பெட்டிகள் தன் தொகுதியில் இல்லாதவருக்குப் பதில் தராது. அப்படி இருந்தால் 40 மண்டலத்தில் மாஸ்கரேடு தெரிவை இயக்குங்கள். உங்கள் கைப்பேசி ரவுட்டரின் முகவரியோடு போய் நிற்கும், பெட்டி பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துப் பேசும்.

கடைசியில் சோதிக்காமல் விடாதீர்கள். பழைய மடிக்கணினி ஒன்றை 30-இன் வைஃபையில் இணைத்து, உங்கள் வேலை மடிக்கணினியின் முகவரிக்குப் பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். 192.168.30.1, 192.168.10.1, சுவிட்சின் முகவரி மூன்றையும் உலாவியில் திறந்து பாருங்கள். நான்கும் தோற்க வேண்டும். வேலை மடிக்கணினியின் சொந்த ஃபயர்வாலே பிங்கை மறுக்கக்கூடும், அது உங்களை ஏமாற்றாதிருக்கச் சோதனை நேரத்தில் மட்டும் அதில் பிங்கை அனுமதியுங்கள். அப்போதும் தோற்றால்தான் ரவுட்டர் தடுக்கிறது என்று பொருள்.

செராஸ் அடுக்ககம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வாடகை அடுக்ககம், சுவரில் கேபிள் இழுக்க உரிமையாளர் விடமாட்டார், வி-லேன் தெரியும் சுவிட்சும் இல்லை. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டரின் வைஃபையில் கருவிகளை எல்லாம் விட்டுவிட்டு, அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றைச் சொருகி, கணினிகளையும் கைப்பேசிகளையும் உள் ரவுட்டரில் மட்டும் வைத்திருக்கிறேன். இது போதுமா?

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

கருவிகளை வெளியே வைத்துக் கணினிகளை உள்ளே வைத்தது சரியான வரிசை. உள்ளிருந்து வெளியே தொடங்கலாம், வெளியிலிருந்து உள்ளே முடியாது. நான் மேலே சொன்ன ஒருவழி இதிலேயே கிடைத்துவிடுகிறது. இதையே தலைகீழாகச் செய்து, கருவிகளை உள் ரவுட்டரில் போடுபவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் கருவிகள் வெளிப்பக்கத்தில் இருக்கும் கணினிகளைத் தாராளமாகக் கூப்பிடலாம், பாதுகாப்பே இல்லை.

உங்கள் அமைப்பில் ஒரு குறை: இணையத்துக்குப் போகும் உங்கள் போக்குவரத்து எல்லாம் கருவிகள் இருக்கும் வலையமைப்பைக் கடந்துதான் போகிறது. அங்கே கெட்டுப்போன கருவி ஒன்று நடுவில் நின்று கேட்க முயலலாம். பூட்டுக்குறியுள்ள தளங்களின் உள்ளடக்கம் அதற்குத் தெரியாது, எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். வாடகை வீட்டுக்கு இது ஏற்கத்தக்கது.

கிள்ளான் லாமா:

வீட்டுக் கருவிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. அதை எந்த வி-லேனில் வைப்பது என்ற கேள்வி எப்போதும் வரும். நான் கருவிகளோடு, அதாவது செந்தூல் அக்காவின் கணக்கில் 30-இல் வைத்திருக்கிறேன். டுயா வகைப் பிளக்குகள் தங்கள் இருப்பை யூடிபி 6666, 6667 முனையங்களில் தொகுதி முழுவதற்கும் ஒலிபரப்புகின்றன, அந்த ஒலிபரப்பு ரவுட்டரைத் தாண்டாது. ஹோம் அசிஸ்டன்ட் வேறு தொகுதியில் இருந்தால் ஒவ்வொரு பிளக்குக்கும் முகவரியைக் கையால் எழுத வேண்டும். கைப்பேசியிலிருந்து 8123 முனையத்துக்கு நாம்தான் பேச்சைத் தொடங்குகிறோம், அதனால் அது 30-இல் இருந்தும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

தம்பி, வசதிக்கு அது சரி. ஆனால் ஹோம் அசிஸ்டன்டில் எல்லாக் கருவிகளின் சாவியும் இருக்கிறது. ஒரே வி-லேனுக்குள் இருப்பவை தங்களுக்குள் பேசும்போது ரவுட்டர் வழியாக வருவதில்லை, அதனால் ஃபயர்வால் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு மலிவான பிளக் கெட்டால் முதலில் தட்டுவது அந்தப் பெட்டியின் கதவாக இருக்கும். அதை 20-இல் வைத்து, பிளக்குகளுக்கு ரவுட்டரில் நிலையான முகவரி கொடுத்து, கையால் ஒரு முறை எழுதிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். நீங்கள் 30-லேயே விடுவதென்றால் இரண்டடுக்கு உள்நுழைவையாவது இயக்குங்கள்.

கிள்ளான் லாமா:

நிலையான முகவரி யோசனை நல்லது ஐயா. வார இறுதியில் 20-க்கு மாற்றுகிறேன்.

செந்தூல் கணக்காளர்:

அவாஹியும் 5353 விதியும் போட்டேன், அம்மாவின் கைப்பேசியில் தொலைக்காட்சியின் பெயர் வந்துவிட்டது. அவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. அதைத்தான் நான் விரும்பினேன். சோதனையில் பிங், ரவுட்டர் பக்கங்கள் மூன்றும் தோற்றன. சுவிட்சின் பக்கம் மட்டும் 30-லிருந்து திறந்தது. நீங்கள் எச்சரித்த வகைச் சுவிட்ச்தான் போலிருக்கிறது. வெளி முகவரி 100-இல் தொடங்கவில்லை, வயர்கார்டு வழியாக அலுவலகச் சந்திப்புக்குப் போன இடத்திலிருந்து கேமராவைப் பார்த்தேன்.

இரண்டு விஷயங்கள் மிச்சம். சுவிட்சை என்ன செய்வது? புதிய பிளக் ஒன்றைச் சேர்க்கப் பார்த்தால் கைப்பேசிச் செயலி அதைக் கண்டுபிடிக்கவே இல்லை.

பாயான் லெப்பாஸ் தொழில்நுட்பர்:

முதலில் சுவிட்சுக்கு 10-இன் தொகுதியில் நிலையான முகவரி கொடுங்கள். அப்படியிருந்தும் 30-லிருந்து திறந்தால், 30-லிருந்து போகும் கோரிக்கை ரவுட்டர் வழியாகப் போகிறதா, நேராகப் போகிறதா என்று பிரித்தறிய வேண்டும். மடிக்கணினிக்கு 30-இன் முகவரியே இருக்கும்போது திறந்தால் உங்கள் ஃபயர்வால் விதியில் ஓட்டை இருக்கிறது. மடிக்கணினிக்குக் கையால் 10-இன் முகவரி கொடுத்தால் மட்டும் திறக்கிறது என்றால் குறை சுவிட்சினுடையது, ரவுட்டரால் அதைத் தடுக்க முடியாது. மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீளமான கடவுச்சொல் போட்டு வைத்திருங்கள், அடுத்த முறை சுவிட்ச் வாங்கும்போது மேலாண்மை வி-லேனைத் தெரிவு செய்ய முடிகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் மடிக்கணினியின் கோப்புகளுக்கு இதனால் நேரடி ஆபத்து இல்லை, ஆனால் சுவிட்சைக் கைப்பற்றியவர் முனைகளை மாற்றி எழுதலாம். அதனால் இதைச் சின்னக் குறை என்று விட்டுவிட வேண்டாம்.

பிளக்கைச் சேர்க்கும்போது மட்டும் கைப்பேசியை 30-இன் வைஃபைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அமைக்கும் நேரத்தில் கைப்பேசியும் கருவியும் ஒரே தொகுதியில் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான செயலிகள் எதிர்பார்க்கின்றன. சேர்ந்தபின் கைப்பேசியை 20-க்குத் திருப்பிவிடலாம், அதன்பின் செயலி இணையம் வழியாகவோ 20-லிருந்து நேராகவோ பிளக்கை இயக்கும்.

புதிதாக வாங்கும்போது சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். 2020 அக்டோபரில் தொடங்கிய திட்டம், நான்கு நிலைகள் கொண்டது. முதல் நிலைக்கே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் இருக்கக் கூடாது, மென்பொருள் புதுப்பிப்பு வர வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. அங்கே விற்கும் அதே மாதிரிகள் இங்கேயும் கிடைக்கின்றன. முத்திரை வாங்கிய கருவியானாலும் 30-இல்தான் போக வேண்டும்.

செந்தூல் கணக்காளர்:

10-இன் முகவரி கொடுத்தால் மட்டும்தான் திறக்கிறது ஐயா, அப்படியானால் சுவிட்சின் குறைதான். புதுப்பிப்பு ஒன்று வந்திருக்கிறது, இன்றிரவு பிள்ளைகள் தூங்கியபின் போட்டுப் பார்க்கிறேன். பிளக் சேர்ந்துவிட்டது.